ஜோடிக் கணக்கு

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், துணி மடிக்கும் அறையில், ஆளை எண்ணும் வழக்கம் கிடையாது. ஜோடியைத்தான் எண்ணுவார்கள். கட்டில் விரிப்பை ஒருத்தரால் மடிக்க முடியாது. முடியும் என்று சொல்கிறவர் வீட்டில் மடித்துக் காட்டி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருப்பார். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, நீளவாட்டில் இரண்டு மடிப்பு மடித்து, பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து, ஒரு சாண் இடைவெளியில் நின்று முனைகளைக் கை மாற்ற வேண்டும். ஒரு மேசைக்கு ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. நானூறு தடவை விலகிப்போய் நானூறு தடவை நெருங்கி வர வேண்டும்.

"கட்டினவகூட ஒரு வருஷத்துல இத்தனை தடவை கிட்ட வந்ததில்ல" என்று மூன்றாம் மேசைக்காரர் சொல்லுவார். அவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர். ரகசியம் பேசினாலும் கொதிகலன் அறை வரை கேட்கும்.

காலை ஏழு மணிக்கு சூப்பர்வைசர் வாசலில் நின்று மேசைகளைப் பார்ப்பார். எல்லா மேசைக்கும் இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் நோட்டில் "பதினோரு ஜோடி" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இருபது வருஷமாக இதுதான் வருகைப் பதிவு.

பதினோராம் மேசை அண்ணியுடையது. அவளுக்கு அந்தப் பெயர் வந்தது நாத்தனாரால். கணவனின் தங்கை புருஷனோடு வாழ்ந்தது போதும் என்று பெட்டியோடு வந்து சேர்ந்தபோது, வீட்டில் சும்மா உட்கார வைத்துச் சண்டை போடுவதைவிட வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போடலாம் என்று அண்ணிதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். வந்த முதல் நாளே நாத்தனார் "அண்ணி, அண்ணி" என்று கூடம் அதிரக் கூப்பிட்டதில், சாயங்காலத்துக்குள் அவள் எல்லாருக்கும் அண்ணியாகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த சூப்பர்வைசரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

நாத்தனார் இடதுகைக்காரி. உலகம் முழுக்க வலது முனையை இடது முனைமேல் போட்டு மடித்தால், இவள் இடதை வலதுமேல் போடுவாள். விரிப்பு நடுவில் முறுக்கிக்கொண்டு பிழிந்த துண்டு மாதிரி ஆகும்.

"ஊரே ஒரு பக்கம் போனா நீ ஒரு பக்கமா போவியா?"

"நான் இப்படியே பொறந்துட்டேன் அண்ணி. நீங்க வேணா மாறிக்குங்க."

ஒரு மாதம் இழுத்துப் பார்த்தாள் அண்ணி. கடைசியில் மாறியது அவள்தான். ஒன்பது வருஷத்தில் அவள் கைகள் அந்தத் தலைகீழ் வழக்கத்துக்கே பழகிப்போயின. நாத்தனார் விடுப்பு எடுத்த நாளில் வேறு யாரோடு நின்றாலும் விரிப்பு முறுக்கிக்கொள்ளும். "அண்ணிக்கு ஜோடி சேர இனிமே ஒருத்தி புதுசாத்தான் பொறந்து வரணும்" என்று ஸ்பீக்கர் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிச் சிரிப்பார்.

பிறகு அந்த நோய் வந்தது. தலைக்குக் குல்லா, உடம்புக்கு அங்கி, கைக்கு உறை, மூக்குக்கும் வாய்க்கும் முகக்கவசம், அதற்கும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் தகடு. யாரையும் யாரென்று சொல்ல முடியாது. மேசை எண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பேசவும் கூடாது என்றார்கள். இடைவேளையில் ஆறடிக்கு ஒரு நாற்காலி, ஆளுக்கு ஒரு மூலை. ஈரத் துணியைத் தேய்த்து உலர்த்தும் ரோலரிலிருந்து எழும் ஆவியில் தகடு பனி பிடித்துப்போய் கண்கூடத் தெரியாது.

அண்ணிக்கு அந்த ஆவியில் மூச்சு முட்டும். முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வாள். எதிரிலிருந்து உடனே குரல் வரும்.

"அண்ணி, மூக்கு."

ஏற்றிவிடுவாள். பத்து விரிப்புக்குள் மறுபடி இறங்கிவிடும். "அண்ணி, மூக்கு." ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டாள்: "எனக்கு வந்தா நான் சாகறேன். உனக்கென்ன, நீ நூறு வயசு இருப்ப. வாய மூடிட்டு மடி!" நாத்தனார் வாயை மூடிக்கொண்டு மடித்தாள். அன்றைக்கும் நானூறு விரிப்பு. நானூறு முறையும் அண்ணியின் மூக்கு திறந்துதான் கிடந்தது.

அந்த வாரமே அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்தாள், ருசி போனது, எழுந்துவிட்டாள். நாலாம் நாள் நாத்தனாருக்கு வந்தது. ஒன்பது நாள் மேல்மாடி வார்டில் கிடந்தாள். வீட்டார் யாரையும் உள்ளே விடவில்லை. பத்தாம் நாள் தலைமுதல் கால்வரை உறையில் சுற்றி ஒட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முகத்தைக் காட்டுங்கள் என்று அண்ணி கெஞ்சினாள், காலில் விழுந்தாள். விதி என்றார்கள். தடுப்பூசி அந்த ஊருக்கு வந்து சேர இன்னும் நாலு மாதம் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அண்ணி வேலைக்குத் திரும்பியபோது, பதினோராம் மேசையின் எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். குல்லா, அங்கி, முகக்கவசம், பனி பிடித்த தகடு. ஆபீஸ் அனுப்பிய புது ஆள் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் போட்ட ஆள் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். மற்றவர்கள் எதையும் நினைக்கவில்லை. மேசை காலியாக இருந்தால்தானே அந்தச் சுமை தங்கள் தலையில் விழும்? நிரம்பியிருக்கிறது, நல்லதாகப் போயிற்று. "புதுசு" என்று பெயர் வைத்தார்கள். புதுசு பேசாது. பேசக்கூடாது என்பதுதான் விதி. இடைவேளையில் எல்லோரையும்விடத் தள்ளி, கடைசி நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்காரும். தள்ளி உட்கார வேண்டும் என்பதும் விதி. அந்த விதிகளையெல்லாம் புதுசுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

முதல் விரிப்பை எடுத்து உதறினார்கள். அண்ணியின் கைகள் வழக்கம்போலத் தலைகீழாக மடித்தன. முறுக்கிக்கொள்ளும் என்று எதிர்பார்த்து அவள் நின்றாள். விரிப்பு முறுக்கவில்லை. எதிரில் இருந்தவள் இடதை வலதுமேல் போட்டிருந்தாள்.

உலகத்தில் இடதுகைக்காரர்களுக்கா பஞ்சம் என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த விரிப்பிலும் அதையே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ரோலரிலிருந்து வருகிற துணி கை சுடும். அண்ணி பிடித்திருந்த இரண்டு முனைகளும் சுட்டன. நெருங்கி வந்து புதுசு கொடுத்த இரண்டு முனைகளும் கிணற்றில் முக்கி எடுத்த மாதிரி சில்லிட்டிருந்தன. அன்றிலிருந்து பத்து மாதமாகப் பதினோராம் மேசையின் அடுக்கு மட்டும் ஒரு பக்கம் சூடாகவும் ஒரு பக்கம் குளிர்ந்தும் இருந்தது. மடித்த துணியை வார்டுக்குத் தள்ளிப்போகும் வண்டிக்காரர் ஒருமுறை அதில் கை வைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். ஜன்னல் இல்லை.

அண்ணிக்குத் தெரியுமா என்றால், தெரியும். தெரியாது என்று வைத்துக்கொண்டாள். தகட்டுக்குப் பின்னால் இருந்த கண்களை அவள் ஒருமுறைகூட நேராகப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு அது வேறு யாருடைய கண்ணாகவோ இருந்தால், இந்தப் பத்து மாதத் துணையும் போய்விடும். அவளுடைய கண்ணாகவே இருந்தால், அந்தக் கண்ணுக்கு என்ன பதில் சொல்வது? இரண்டுக்கும் பயந்து அவள் விரிப்பையே பார்த்து மடித்தாள்.

இப்படியிருக்கும்போதுதான் சாப்பாட்டு அறையில் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் இரண்டு டோஸ் போட்டாயிற்று, மடிக்கும் அறையில் முகக்கவசத்தைக் கழற்றலாமா வேண்டாமா என்பதுதான் பேச்சு. ஆஸ்பத்திரியின் தொற்றுத் தடுப்பு நர்ஸ் பட்டியலும் கையுமாக வந்து முன்னால், வாசலருகே நின்றார். நாற்காலிகள் ஆறடிக்கு ஒன்றாகப் போட்டிருந்தன. கடைசி நாற்காலியில் புதுசு.

ஸ்பீக்கர்தான் தொடங்கினார். "சிஸ்டர், ஒரே கேள்வி. ஊசி வேலை செய்யுதா, இல்லையா? செய்யுதுன்னா எதுக்கு இந்த மூடி? செய்யலைன்னா எதுக்கு அந்த ஊசி? ரெண்டு நாள் கைய தூக்க முடியாம கெடந்தேன். சும்மாவா?"

பாதி அறை கை தட்டியது.

"வேலை செய்யுது" என்றார் நர்ஸ். "உங்களுக்கு நோய் வந்தாலும் படுக்கையில தள்ளாது. ஆனா உங்க மூக்குல அது வந்து உக்காந்து, உங்களுக்கே தெரியாம அடுத்தவங்களுக்குப் போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆறாம் மேசை அக்கா எழுந்தாள். அவள் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்திருக்கிறது. "அவருக்கு எத்தனை ஊசி போட்டாலும் பிடிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க எல்லாம் ஜாலியா கழட்டிடுவீங்க. நான் எதை வீட்டுக்குக் கொண்டுபோறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு வேணும்னா நீங்க போட்டுக்குங்க அக்கா. யாரு வேண்டாம்னா?" என்றார் ஸ்பீக்கர்.

"நான் போட்டா உனக்குத்தான்யா பாதுகாப்பு. நீ போட்டாத்தான் எனக்கு. இது தெரியாமயா ரெண்டு வருஷமா மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச?"

இப்போது மீதிப் பாதி கை தட்டியது. ஊசி போட்டவர், போடாதவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டார். நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். தான் ஒரு வருஷத்துக்கு முன் வளர்த்த மீசையை ஊரே இன்னும் பார்க்கவில்லை, அதற்கொரு நியாயம் வேண்டாமா என்று ஐந்தாம் மேசைக்காரர் கேட்டபோது அண்ணிகூடச் சிரித்துவிட்டாள். பேச்சு வளர்ந்து, ஆளாளுக்கு நாட்டாமை ஆகி, கடைசியில் கை தூக்கி முடிவு செய்வோம் என்று சூப்பர்வைசர் மேசையைத் தட்டினார்.

கழற்றலாம் என்பவர்கள் கை தூக்கினார்கள். நர்ஸ் எண்ணினார். பதினொன்று.

வேண்டாம், இருக்கட்டும் என்பவர்கள். அண்ணி கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று பிடரியில் பட்டது. நர்ஸ் எண்ணினார். பதினொன்று.

"சமம்" என்றார் சூப்பர்வைசர். "பதினோரு ஜோடி, இருபத்திரண்டு பேர். சரியா ரெண்டா பொளந்துட்டீங்களே."

நர்ஸ் பட்டியலைப் புரட்டினார். "இருபத்திரண்டா? என் பட்டியல்ல இருபத்தொரு பேர்தான் சார். மடிக்கிற அறை, இருபத்தொரு பேர், எல்லாரும் ரெண்டு டோஸ். பாக்கி யாருமே இல்ல."

"இல்லையே, பதினோரு ஜோடி சிஸ்டர். இன்னிக்குக் காலையிலகூட எழுதினேன்."

"அப்போ ஒருத்தர் ஊசியே போடாம வேலைக்கு வர்றாங்கன்னு அர்த்தம்."

எல்லோரும் பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அத்தனை முகக்கவசத்துக்கு நடுவில் யாரைச் சந்தேகப்படுவது? ஸ்பீக்கர்தான், அவர் அளவில் மெதுவாக, கேட்டார்: "நம்ம புதுசு போட்டுச்சா?"

இருபது தலைகள் பின்னால் திரும்பின. அண்ணி மட்டும் திரும்பவில்லை.

கடைசி நாற்காலி காலியாக இருந்தது. மேசைக்குப் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். எப்போது எழுந்தது, எந்த வழியாகப் போனது என்று யாரும் கேட்கவில்லை. வாசல் ஒன்றுதான். அதில் நர்ஸ் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று அண்ணி எழுந்தாள். "நாம இங்க ஒத்தையா வேலை பாக்கல. ஜோடியா பாக்கறோம். விதியையும் ஜோடிக்கே போடுங்க. ரெண்டு பேரும் ஊசி போட்டிருந்தா அவங்க இஷ்டம். ஒருத்தர் போடலைன்னா ரெண்டு பேருமே மாஸ்க் போடணும். அவங்கதானே நாள் முழுக்க மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கறாங்க. ஆறாம் மேசை அக்கா மாதிரி யாருக்காவது வீட்டுல ஆபத்துன்னா அந்த மேசைக்கும் இதே விதி."

நர்ஸ் யோசித்துத் தலையாட்டினார். ஆறாம் மேசை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திங்கள்கிழமை முதல் அமல் என்று சூப்பர்வைசர் எழுதினார். அண்ணிக்குப் பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் கலைந்து போனார்கள். அவள் மனசு இருந்த நிலை அவளுக்குத்தான் தெரியும்.

மாலை அவள் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்தார். நல்ல மனிதர். இருபது வருஷமாக யாரையும் அதட்டாதவர்.

"அண்ணி, ஆபீஸ்ல கேட்டேன். உங்க நாத்தனாருக்குப் பதிலா அவங்க யாரையும் போடலையாம். ஆள் எடுக்கவே அனுமதி இல்லையாம். உங்க எதிர்ல பத்து மாசமா நிக்கறது யாரு?"

"நீங்க அனுப்பினதுன்னு நெனச்சேன்."

"நான் அனுப்பல." அவர் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை எல்லாரும் கழட்டுவாங்க. அதையும் கழட்டச் சொல்லப்போறேன். முகத்தைப் பாக்காம இனிமே நான் ஜோடின்னு எழுத மாட்டேன். என் தப்புதான், ஆளை எண்ணாம மேசையை எண்ணினேன். நீங்களும் பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்ளலாம். ஒரு முகக்கவசம்தான் குறுக்கே. காலில் விழுந்தும் காட்டாத முகத்தை, ஒரு கையசைவில் பார்த்துவிடலாம். அண்ணிக்கு அன்று வீடு வந்து சேரும்வரை கால் தரையில் பாவவில்லை. அது ஆசையா பயமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கணவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். தங்கை இருந்தவரை அது அவள் வேலை. இடதுகையால் சீவுவாள், தோல் சிதறி எதிர்ச்சுவர் வரை போகும்.

"என்னங்க" என்றாள் அண்ணி. "அவ முகத்த ஒரு தடவை பாக்கலாம்னு யாராவது சொன்னா, பாப்பீங்களா?"

அவர் கத்தியை வைத்துவிட்டார்.

"பாத்து?" என்றார். "நல்லா இருந்த முகம் கண்ணுல இருக்கு. அது போதும். எனக்கு ஒரே ஒரு ஆத்திரம்தான். நாலு மாசம். நாலே நாலு மாசம் கழிச்சு ஊசி வந்துச்சு. அதுவரைக்கும் அவளைப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கலாம். நம்மால முடியல."

நம்மால் என்றுதான் சொன்னார். உன்னால் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தி அழுதாவது தீர்த்திருக்கலாம். அண்ணி மீதிக் கிழங்கை எடுத்துத் தானே சீவினாள்.

திங்கள்கிழமை காலை மடிக்கும் அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. முகங்கள்! இரண்டு வருஷமாக யாரும் பார்க்காத மூக்குகள், வாய்கள், தாடைகள். ஐந்தாம் மேசைக்காரரின் மீசையைப் பார்த்து எட்டாம் மேசை விழுந்து விழுந்து சிரித்தது. ஸ்பீக்கருக்கு முன்பல் ஒன்று போயிருந்தது. "நீதானா அது? நான் வேற மாதிரி மூஞ்சிய வெச்சிருந்தேன் உனக்கு" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். கண்ணுக்குக் கீழே மீதி முகத்தை அவரவர் இஷ்டத்துக்கு வரைந்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆறாம் மேசையில் மட்டும் இருவரும் முகக்கவசத்தோடு நின்றார்கள். யாரும் கேலி செய்யவில்லை.

பதினோராம் மேசையில் புதுசு நின்றது. தகடு இல்லை. பத்து மாதத்தில் முதல்முறையாகத் தகட்டைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்திருந்தது. முகக்கவசமும் குல்லாவும் மட்டும். அண்ணி வழக்கம்போல விரிப்பைப் பார்த்துக்கொண்டே வந்து எதிரில் நின்றாள். அவள் முகக்கவசம் தாடையில் தொங்கியது. கழற்றுவதா மாட்டுவதா என்று வாசலில் தடுமாறி அப்படியே வந்துவிட்டாள்.

மடிக்கத் தொடங்கினார்கள். முதல் மடிப்பு தலைகீழாக, முறுக்காமல் விழுந்தது. இரண்டாம் மடிப்பு. இருவரும் நெருங்கி வந்தார்கள். முனைகள் கை மாறும் நேரத்தில் சூப்பர்வைசர் மேசைப் பக்கம் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அறை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்தியது.

"அம்மா" என்றார் சூப்பர்வைசர், நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "உங்க முகத்தைக் காட்டுங்க. யாருன்னு நான் பாக்கணும்."

புதுசு அசையவில்லை. பிறகு உறை போட்ட இடதுகை, விரிப்பின் முனையை விட்டுவிட்டு, மெல்ல மேலே ஏறியது. காதுக்குப் பின்னால் போனது. கயிற்றை விரல் எடுத்தது. முகக்கவசத்தின் ஒரு பக்கம் தளர்ந்து விலக, கன்னத்தின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அண்ணி நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள்.

அவள்தான்.

இன்னும் ஒரு விரல் அகலம் போதும். ஒரு மூச்சு நேரம் அண்ணி சும்மா நின்றிருந்தால் முழு முகத்தையும் பார்த்திருப்பாள். அந்த மூச்சை இழுக்கப்போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு சாண் தூரம். தன் மூக்கு திறந்து கிடக்கிறது. வாய் திறந்து கிடக்கிறது. எதிரில் இருப்பவளுக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை.

"கழட்டாதடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் பின்வாங்கினார். "கழட்டாத. மாட்டு. உனக்கு இன்னும் ஊசி போடல."

ஒரு எட்டுப் பின்னால் வந்து, தாடையில் தொங்கிய முகக்கவசத்தை இரண்டு கையாலும் இழுத்து மூக்குக்கு மேல் ஏற்றினாள். மேலே இருந்த கம்பியை மூக்குத் தண்டோடு சேர்த்து, வலிக்கும்வரை அழுத்தினாள். கண்ணிலிருந்து வழிந்தது முகக்கவசத்துக்குள்ளேயே இறங்கியது.

"பாரு, மூடிட்டேன். மூக்கை மூடிட்டேன், பாரு."

எதிரில் அந்த இடதுகை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு கயிற்றைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டது.

அறையில் ரோலர் சத்தம் மட்டும் கேட்டது. சூப்பர்வைசர் வெகுநேரம் அந்த இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் ஒன்பது வருஷம் அந்தக் கண்களைப் பார்த்தவர்தான்.

"அண்ணி" என்றார் கடைசியில். "ஒருத்தர் போடலைன்னா ரெண்டு பேரும் மாஸ்க் போடணும். அதுதானே விதி?"

"அதுதான் விதி."

அவர் நோட்டைத் திறந்தார். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு மேசையாக விரல் நீட்டி, இந்த முறை முகம் முகமாக எண்ணினார். பத்து மேசை எண்ணி முடித்துப் பதினொன்றுக்கு வந்ததும் விரலை மடக்கிக்கொண்டார். "பதினோரு ஜோடி" என்று எழுதிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அண்ணி அடுத்த விரிப்பை எடுத்தாள். உதறினார்கள். எதிரிலிருந்து வந்த முனைகள் எப்போதும்போலச் சில்லென்றிருந்தன. கை மாற்ற நெருங்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விலகிப்போன பிறகு, தலையை வேறு பக்கம் திருப்பித்தான் விட்டாள். அன்றைக்கும் நானூறு விரிப்பு. நானூறு தடவையும் அப்படியே பிடித்துக்கொண்டாள்.